வயலின் மட்டும் கேட்கவில்லை

பெங்களூரிலிருந்து வந்திருந்த தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கம்ப்யூட்டரில் புது சிஸ்டம் ஏற்றிவிட்டுப் போனான். பழசையே வைத்திருந்தால் வைரஸ் புகுந்து பேங்க் கணக்கு வரைக்கும் போய்விடும் என்று பயமுறுத்தினான். நல்லதற்குத்தான் செய்தான். சாப்பிட்டுவிட்டு மாலை ரயிலுக்குக் கிளம்பிவிட்டான்.

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்து, நான் இசையமைக்கும் சாஃப்ட்வேரைத் திறந்தேன். புல்லாங்குழல் வந்தது, தபேலா வந்தது, வயலின் வரவில்லை. வைத்த சுரங்கள் வைத்த இடத்திலேயே திரையில் இருந்தன. சத்தம் மட்டும் இல்லை.

அப்பா படுக்கையில் கிடந்த வருடங்களில் பழகிய சாஃப்ட்வேர் அது. எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. அவர் கண்ணயர்ந்த பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மவுஸால் ஒவ்வொரு சுரமாக வைப்பேன். அவர் இருமினால் எழுந்து போவேன், திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடங்குவேன். அவர் போன பிறகும் அது நிற்கவில்லை. அந்த மெட்டுகளை என்னைத் தவிர யாரும் கேட்டதில்லை. கேட்கச் சொல்ல ஆளும் இல்லை.

சாஃப்ட்வேர் செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். இசை சாஃப்ட்வேர் பற்றிப் பேசும் ஒரு வாட்ஸப் குழுவில் என் சிக்கலை எழுதினேன். பாதிப் பேர் புது சாஃப்ட்வேர் வாங்கச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க தருமபுரிங்களா? நான் பொம்மிடிங்க. நானும் அதேதான் வச்சிருக்கேன்."

பொம்மிடியில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். கல்யாண வீடியோக்களுக்குப் பின்னணி இசை போட அதைப் பயன்படுத்தினார். இந்த மாவட்டத்தில் இன்னொரு ஆளும் இதை வைத்திருக்கிறார் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அவர் சொல்லச் சொல்ல நான் அழுத்துவேன். சவுண்டு டிரைவரை அழித்துவிட்டுப் பழையதை ஏற்றினோம். சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடியும் போட்டோம். வயலின் அசையவில்லை. நடுநடுவே அவர் முகூர்த்த நாள் அலைச்சலைப் பற்றிச் சொல்வார். நான் ஆபீஸ் கதை சொல்வேன். என் வீட்டில் அவ்வளவு பேச்சு கேட்டு வெகு நாளாகியிருந்தது. சாயங்காலம் சீக்கிரம் வந்து, போன் வருவதற்குள் சமையலை முடித்துவிடுவேன்.

ஒரு வாரம் போல ஆனதும், பெட்டியையே எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார். சிபியுவைப் பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பொம்மிடிக்குப் போனேன்.

ஸ்டூடியோவுக்குப் பின்னாலேயே வீடு. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. குக்கர் சத்தம் கேட்டது. அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். ஸ்டூடியோக்காரர் பெட்டியை மாட்டி, ஒரு பென் டிரைவிலிருந்து சின்ன புரோகிராம் ஒன்றை ஏற்றினார். பழைய வயலினுக்கும் புது சிஸ்டத்துக்கும் ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியவில்லை, இது நடுவில் உட்கார்ந்து புரியவைக்கும் என்றார். பிறகு, நான் கேட்பதற்கு முன்பே, என் மெட்டு ஒன்றைத் திறந்து ஓடவிட்டார்.

அவரிடம் இருந்தவை பெரிய ஸ்பீக்கர்கள். வயலின் அந்த அறை முழுக்க எழுந்தது. இத்தனை வருடமும் என் இரண்டு காதுக்குள்ளேயே இருந்தது வெளியே வந்து சுவரிலும் கண்ணாடியிலும் பட்டது. நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மனைவி கையில் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றார்.

"இது யாருதுங்க?"

"இவங்க போட்டதுதான்," என்றார் அவர்.

அந்த அம்மா முழுவதும் கேட்டார். முடிந்ததும், "அழுகையா வருதுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இன்னொன்று போடட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். இனி கம்ப்யூட்டர் தானாக எதையும் புதுப்பித்துக்கொள்ளாதபடி செய்துவிட்டு, இன்டர்நெட்டை இதில் இணைக்காதீர்கள் என்று சொல்லி, பஸ் ஏற்றிவிட்டார். திரும்பி வரும்போது பெட்டி லேசாக இருப்பதுபோல் இருந்தது. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்வரை அந்த அம்மா சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து எல்லாம் சரியாக ஓடுகிறது. அதனால் சாயங்காலப் போன் நின்றுவிட்டது. சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். சாஃப்ட்வேரில் வேறு ஏதாவது கெட்டுப்போகாதா என்றுகூட ஒருநாள் நினைத்தேன். வீணை ஒன்று மக்கர் செய்தது. அவரைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். அதற்குள் அவர் கற்றுக்கொடுத்த விதத்திலேயே நானே அதைச் சரிசெய்துவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து, காரணம் எதுவும் இல்லாமலே கூப்பிட்டேன்.

"என்னங்க, மறுபடியும் ஓடலைங்களா?" என்றார்.

"இல்லைங்க. எல்லாம் நல்லா ஓடுது."

"அப்பறம் என்னங்க?"

அவர் கடிந்து பேசவில்லை. உண்மையிலேயே என்ன வேண்டும் என்றுதான் கேட்டார். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தேன். சௌக்கியம் என்றார். அவருக்குப் பின்னால் யாரோ ஆல்பம் கேட்டு வந்து நின்றார்கள் போலிருக்கிறது. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். கல்யாண சீசன். அவர் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இப்போது புதிதாக ஒரு மெட்டு போட்டுக்கொண்டிருக்கிறேன். பாதி முடிந்திருக்கிறது.