அப்பாவின் கையெழுத்தும் வேண்டும்

என் மகளுக்கு மலேசியாவில் கேரம் போட்டி என்று செய்தி வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. தாராவியில் எங்கள் சந்து முழுக்க அதே பேச்சு. அவளுக்கு விளையாட்டுச் சொல்லித்தரும் கோச் சார் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பெற்றோர் கூட வராமல் பிள்ளைகள் வெளிநாடு போவதென்றால், அம்மா அப்பா இருவரும் நோட்டரி வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வேண்டுமாம்.

"அவ அப்பா எங்ககூட இல்ல சார்," என்றேன்.

"கோர்ட்டுல பிரிஞ்சாச்சா?"

இல்லை. ஜீன்ஸ் தைக்கும் வேலைக்கு உல்லாஸ்நகர் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். சண்டை போட்டுப் பிரியவில்லை. வருவது குறைந்து குறைந்து நின்றுபோனது. பிரிந்துவிட்டோம் என்று காட்ட என்னிடம் எதுவும் கிடையாது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் இத்தனை வருஷமாக என் கையெழுத்தே போதுமாக இருந்தது.

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. செம்பூரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு வேலை. உள்ளே அனுப்பிவிட்ட ஆளையே மறுபடி பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். போனில் அவள் அப்பாவின் நம்பரை எடுப்பேன், பார்ப்பேன், வைத்துவிடுவேன். மாட்டேன் என்று சொன்னால் திட்டலாம். சரி என்று சொல்லிவிட்டால் என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் மெசேஜ் அனுப்பினேன். "வாரேன்" என்று பதில் வந்தது.

குர்லாவில் நோட்டரி ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார். மகளைப் பார்த்து, "வளந்துட்டியே," என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஆங்கிலக் கடிதத்தை அங்கிருந்த குமாஸ்தாவிடம் கொடுத்து, இந்தியில் விளக்கச் சொல்லிக் கேட்டார். பேனாவைத் தொடவில்லை.

"யாருகூட போறா?"

"கோச் சார்கூட."

"பொம்பளையாளு யாரும் போறாங்களா? ராத்திரி எந்த ரூம்ல படுப்பா? காச்சல் கீச்சல் வந்தா?"

இதில் ஒன்றைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. அந்தக் கூச்சத்தில் கோபம்தான் வந்தது. "இத்தன வருசம் காச்சல் வந்தப்ப யாரு பாத்தா?"

"நீதான் பாத்த. இங்கன்னா பாத்துக்குவ. அங்க நீ இருக்க மாட்டல்லா," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

"எம்மா, சாருக்கு போன் லகாவ்," என்றாள் மகள்.

போட்டேன். மாட்டுங்காவிலிருந்து இன்னொரு பெண் வருவதாகவும், மற்றவர்கள் எல்லாம் பையன்கள் என்றும் கோச் சார் சொன்னார். பெண்களுக்குத் துணையாகப் பெரியவர்கள் யாரும் இல்லை. "அதெல்லாம் பாத்துக்கலாம்," என்றார்.

"அப்ப இன்னிக்கு போட மாட்டேன். ஆள் ஏற்பாடு பண்ணட்டும், வாரேன்," என்று சொல்லிவிட்டு அவர் ஸ்டேஷன் பக்கம் நடந்தார். ரயிலில் மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யார்மேல் கோபம் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கடிதம் கொடுக்கவேண்டிய நாள் நெருங்கியும் கோச் சார் யாரையும் ஏற்பாடு செய்யவில்லை. மாட்டுங்கா பெண்ணின் வீடு தேடிப் போய் அவள் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "எனக்கும் உறுத்திண்டேதான் இருந்தது. ஆபீஸ்ல லீவ் கேட்டுட்டு நானே போறேன்," என்றார் அந்த அம்மா.

உல்லாஸ்நகரிலிருந்து அவர் மறுபடி வந்தார். அந்த அம்மாவிடம் போனில் பேசிய பிறகே கையெழுத்துப் போட்டார். மகளிடம், "நல்லா வெளயாடு," என்றார். "சரிப்பா," என்றாள். அப்பா என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

இரண்டாவது சுற்றிலேயே தோற்றுத் திரும்பினாள். அதற்காக அவள் அழவில்லை. இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உல்லாஸ்நகர் போகிறாள். நான் போ என்றும் சொல்வதில்லை, போகாதே என்றும் சொல்வதில்லை. அவள் வந்து செருப்பைக் கழற்றும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது.