சில்லறை எண்ணும் நேரம்

கட்டணக் கழிப்பறை வாசலில் உட்கார்ந்து காசு வாங்கிப் போடுவது அவர் வேலை. நாள் முழுக்க ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. பேச்சுத்துணைக்குத்தான் ஒரு ஜீவன் கிடையாது. உள்ளே போகிறவனுக்கு அவசரம், வெளியே வருகிறவனுக்கு அங்கே நிற்க வெட்கம். மனைவி போன பிறகு வீட்டிலும் அதே கதை. சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும்.

அவருக்கென்று வாய்த்தது சாயங்காலம் ஒன்றுதான். சேர்ந்த நாணயங்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் உலர்த்தி, பையில் போட்டு, எதிரே இருக்கும் மருந்துக்கடைக்கு எடுத்துப்போவார். கடைக்கார அம்மாளுக்குச் சில்லறை வேண்டும். இவருக்கு முதலாளியிடம் கட்ட நோட்டு வேண்டும். "உக்காருங்கண்ணே" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பத்துப் பத்தாக அடுக்குவாள். கை அடுக்க, வாய் பேசும். மாசமாக இருக்கும் மகளைப் பற்றி ஆரம்பித்தாளானால் எண்ணிக்கை தப்பும். கலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள். தப்பட்டும் என்றே இவரும் கேள்வி மேல் கேள்வி கேட்பார்.

ஒரு நாள் அவள் பையை எண்ணாமலே கல்லாவில் கொட்டினாள்.

"உங்க கணக்கு என்னைக்குண்ணே தப்பியிருக்கு? உங்கள எதுக்கு வீணா காக்க வைக்கணும்?" என்று நோட்டுகளை நீட்டினாள்.

நல்ல பெயர் எடுத்ததற்கு இப்படி ஒரு தண்டனையா என்று இவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளும் அப்படியே, அடுத்த வாரமும் அப்படியே. மகளுக்கோ பிரசவ நாள் நெருங்கிவிட்டது. மருந்துச் சீட்டோடு பத்துப் பேர் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது அதை எப்படி விசாரிப்பது?

யோசித்து யோசித்து ஒரு காரியம் செய்தார். பையிலிருந்து ஒரு கைப்பிடி நாணயத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மொத்தத்துக்கும் நோட்டு வாங்கி வந்தார். ராத்திரி கல்லாக் கணக்கில் குறை தெரியும், நாளையிலிருந்து எண்ணுவாள் என்பது அவர் திட்டம்.

திட்டம் பலித்தது. "நேத்து குறைஞ்சுதுண்ணே. இனிமே எண்ணித்தான் வாங்கணும்" என்றாள். குறைந்த காசை இவர் மேஜைமேல் வைத்தார்.

"தப்பு என்னோடதுதாம்மா."

அவள் அதை எடுத்துக் கல்லாவில் போட்டுக்கொண்டாள். இவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் அடுக்க ஆரம்பித்தாள்.

"பொண்ணு எப்படிம்மா இருக்கு?"

"எண்ணும்போது பேசாதீங்கண்ணே. தப்பிடும்."

அன்றைக்கு எண்ணிக்கை ஒரே தடவையில் முடிந்துவிட்டது.