ஆற்றுவாய் வெட்டிய ராசா மேல் ஒரு வழக்கு

எங்கள் ஊர்ப் பாடசாலையில் நான் தமிழும் சரித்திரமும் படிப்பிக்கிறேன். கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் பிள்ளைகள் டவுனுக்கு ரியூசன் போவார்கள். என் பாடங்களுக்கு வகுப்பிலேயே நித்திரை போவார்கள். பொறுக்க மாட்டாமல்தான் ஞாயிறு பின்னேரங்களில் வாசிகசாலையில் ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கினேன். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். என் முகத்துக்காக வந்தார்கள் என்று நினைத்துக் கொஞ்ச நாள் சந்தோசப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, ஊரில் நன்றாகக் காற்று வரும் மின்விசிறி வாசிகசாலையில்தான் இருந்தது.

முதலில் நான் வாசிக்க, அவர்கள் போனைப் பார்த்தார்கள். ஒரு கிழமை பழைய சரித்திரப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்து ராசா ஒருவர் ஆற்றுவாயை வெட்டுவித்து வயல்களைக் காத்தார் என்று அதில் இரண்டே வரி. அந்த இரண்டு வரிக்குப் போன்கள் எல்லாம் கீழே இறங்கின. எனக்கே நம்ப முடியவில்லை.

வாவி கடலோடு சேருகிற இடம்தான் ஆற்றுவாய். கோடையில் மணல் மூடிக் கிடக்கும். மாரியில் வாவி பெருகினால் மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும். எப்போது வெட்டுவது என்பதில்தான் வருடா வருடம் ஊர் இரண்டாகும். வட்டையில் வயல் செய்கிறவர்கள், வேளாண்மை மூழ்க முதல் வெட்டு என்பார்கள். வாவியில் வலை போடுகிறவர்கள், இறால் வளர முதல் வெட்டாதே என்பார்கள். அந்த மாதங்களில் கலியாண வீட்டில்கூட இரு பகுதியும் அடுத்தடுத்த கதிரையில் இருக்க மாட்டார்கள்.

“எங்கட அப்பா அந்தக் காலத்தில இருந்திருந்தா இந்த ராசாவ விட்டிருக்க மாட்டார் ரீச்சர்,” என்றாள் ஒருத்தி. அப்பா மீனவர் சங்கத் தலைவர். “இவரில ஒரு கேஸ் போடுவமா?”

போடுவோம் என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளை வாசிகசாலையிலிருந்து துரத்துவதுதான் எனக்கு வேலையாகிவிட்டது. ராசா பக்கம் வாதாடுகிறவர்கள் வயலைப் பாடும் மருதப் பாட்டுகளைத் தேடினார்கள். எதிர்ப்பக்கம் கடற்கரையைப் பாடும் நெய்தல் பாட்டுகளைப் புரட்டியது. எல்லாப் பாட்டிலும் தலைவி அழுதுகொண்டே இருக்கிறாள், இவர்கள் எப்போதுதான் மீன் பிடிப்பார்கள் என்று ஒருவன் என்னிடம் சண்டைக்கு வந்தான். இன்னொருத்தி வெள்ளச் செய்தி வந்த பழைய பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாக இறக்கித் தும்மிக்கொண்டே வாசித்தாள். நான் படிப்பித்த காலத்தில் இப்படித் தும்மல் சத்தம் கேட்டதே இல்லை.

எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போனவள் அந்தத் தலைவரின் மகள்தான். நீதிபதியும் அவள்தான். விசாரணைக்கு முந்திய கிழமை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

“வாற ஞாயிறுதான் எனக்குக் கடைசி ரீச்சர். மறுகா ஞாயிறெல்லாம் விஞ்ஞான ரியூசன். அப்பா சேத்துட்டார்.”

அவள் போனால் வட்டமும் போகும், மிச்சப் பிள்ளைகள் மறுபடி மின்விசிறிக்கு வருவார்கள். அவளும் அதுவரை இப்படி எதையும் விரும்பி நான் பார்த்ததில்லை. சந்தியில் தகப்பனை மறித்துக் கேட்டேன். சரித்திரம் படித்தால் சோறு கிடைக்குமா என்று கேட்டார். சரித்திரம் படித்துத்தான் நான் சோறு தின்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்து அழுதேன். ஆத்திரத்தில் அன்றைக்குக் கறிக்கு உப்பும் கூடிவிட்டது.

விசாரணைக்கு நாலு பேராவது வரட்டும் என்று பிள்ளைகள் ஒரு வேலை பார்த்தார்கள். ஏறாவூரிலிருந்து ஓட்டோவில் பாண் விற்க வருகிற நானாவைப் பிடித்து, ஒலிபெருக்கியில் ஒரு அறிவித்தல் சொல்லச் சொன்னார்கள். நானா நல்ல மனிசர், உடனே சம்மதித்தார். ஆனால் ராசா, சரித்திரம், வாசிப்பு வட்டம் என்று நீட்டினால் பணிஸ் விற்க நேரமிராது என்று அவராகவே சுருக்கிவிட்டார். “பாண், பணிஸ், கிம்புலா பணிஸ். ஆத்துவாய் வெட்டினது பத்தி ஞாயிறு நாலு மணிக்கு வாசிகசாலையில விசாரணை. பாதிக்கப்பட்ட ஆக்கள் வரலாம். சூடான பாண்.”

அது ஐப்பசி மாதம். வானம் கறுத்துக் கிடந்தது. இந்த நேரத்தில் எங்கள் ஊரில் அப்படி ஒன்றைச் சொல்லலாமா?

ஞாயிறு நாலு மணிக்கு வாசிகசாலை வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. வட்டைக்குப் பொறுப்பான வட்டவிதானை, வெள்ளைச் சட்டையோடு விவசாயிகளைக் கூட்டிக்கொண்டு வந்து வலப்பக்கம் இருந்தார். தலைவர், மீனவர்களோடு இடப்பக்கம். உள்ளே கறுப்பு மழைக்கோட்டைப் போட்டு வியர்த்து வழிந்தபடி நீதிபதி. கூண்டில் தங்கக் கடதாசி முடியோடு ராசா வேசத்தில் ஒரு பொடியன். நான் நடுவில் நின்று, இது பிள்ளைகளின் நாடகம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கையைப் பிசைந்தேன். ஒருவரும் எழும்பவில்லை. நாடகமென்றாலும் பதில் வேண்டும் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வந்தது வந்துவிட்டோம் என்று எல்லோரும் நன்றாகச் சாய்ந்து இருந்தார்கள்.

வட்டவிதானை எழுந்து ராசாவை மேலும் கீழும் பார்த்தார். வெட்டினது மெத்தச் சரி என்றார். பிறகு குரல் மாறியது.

“அதுசரி, போன வருசம் எங்கட வயல் மூழ்கக்குள்ள நீங்க எங்க போனீங்க?”

ராசாவுக்கு வாதாட வந்த பிள்ளைகள் இதற்கு ஆயத்தமில்லை. ராசா முடியைச் சரிசெய்தான்.

“போன வருசம் நான் பத்தாம் ஆண்டு.”

சபை சிரித்து அடங்க ஐந்து நிமிடம் பிடித்தது. ஆனால் வட்டவிதானை லேசுப்பட்டவரில்லை. மேசையில் கிடந்த சரித்திரப் புத்தகத்தை எடுத்து, அந்த இரண்டு வரியையும் எழுத்தெழுத்தாக வாசித்துச் சாட்சியமாகக் கொடுத்தார். நீதிபதி பதிந்துகொண்டாள். வலப்பக்கம் கைதட்டியது.

தலைவருக்குப் பொறுக்கவில்லை. எழும்பி, அந்த ராசா வெட்டின நேரத்தில் இறாலெல்லாம் குஞ்சோடு கடலுக்குப் போயிருக்கும், வலைக்காரர் பட்டினி கிடந்திருப்பார்கள், அதை எழுத ஒருவனுக்கும் கை வரவில்லை என்று கத்தினார். சத்தியமாகச் சொல்கிறேன், என் சரித்திர வகுப்பில் இதைவிட நல்ல கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. சுத்தியலுக்குப் பதிலாக வைத்திருந்த மத்தால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள் மகள்.

“சாட்சி, ஆதாரம் இருக்கா?”

“நான் சொன்னாக் காணாதா புள்ள?”

“காணாது. நீதிபதியைப் புள்ள எண்டு கூப்பிடவும் ஏலாது.”

இரண்டு பக்கமும் சிரித்தது. தலைவரின் காது சிவந்துவிட்டது. ஆதாரம் தேடிக்கொண்டு வர அடுத்த ஞாயிறுவரைக்கும் தவணை தரலாம் என்றாள் நீதிபதி. தகப்பனுக்கு அப்போதுதான் ரியூசன் ஞாபகம் வந்தது. அடுத்த ஞாயிறு அவள் இங்கே இருக்க மாட்டாள் என்று சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அவள் பதறவில்லை. மழைக்கோட்டுக் கையைச் சுருட்டிவிட்டுப் பேனையை எடுத்தாள்.

“அப்ப இருக்கிற சாட்சியத்த வெச்சு இண்டைக்கே தீர்ப்பு எழுதுறன். ஆத்துவாய் வெட்டினது சரி.”

வட்டவிதானை கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கலியாண மாப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். இடப்பக்கத்து வலைக்காரர் அத்தனை பேரும் தங்கள் தலைவரையே பார்த்தார்கள். பேனை கடதாசியில் ஊரத் தொடங்கியது. ஒரு வரி முடியும் மட்டும் அவர் தாங்கினார். பிறகு சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மகளுக்கு முன்னால் கையைக் கட்டி நின்றார்.

“ரியூசன் சனிக்கிழமையும் இருக்கு, கனம் நீதிபதி அவர்களே.”