கண்ணால் கண்டதைச் சொன்ன எங்கள் அப்பா

எங்கள் அப்பா ஆண்டவரிடம் சென்று ஓராண்டு ஆகிறது. அவருடைய நற்குணங்களை அடுக்கினால் அவருக்கே பிடிக்காது. ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

அப்பா திருமழபாடிக்கு அருகே கொள்ளிடக் கரையில் பிறந்தவர். சிறு வயதில் பெற்றோரை இழந்த அவரை வளர்த்து ஆளாக்கியவர் பெரியப்பா. தன் தட்டிலிருந்து எடுத்துத் தம்பிக்குப் போட்ட அண்ணன்; அதை நாங்கள் என்றும் மறுத்ததில்லை. பின்னாளில் பெரியப்பா அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளுக்குச் சொந்தக்காரர் ஆனார். அப்பா கீழப்பழுவூர் சாலையோரம் பஞ்சர் கடை போட்டார். தேய்ந்த டயரைக் கண்டால், "இது தாங்காதுங்க, ஒட்டித் தரமாட்டேன்" என்று வந்த வேலையைத் திருப்பி அனுப்புவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வார். நீளமாக ஜெபம் சொல்லத் தெரியாதவர் அப்பா. பொய்யும் சொல்லத் தெரியாதவர்.

அந்தக் கடை வாசலில்தான் பெரியப்பாவின் லாரி, வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்மணி மீது மோதியது. அவர் அங்கேயே இறந்துபோனார். ஓட்டியவர் பெரியப்பாவின் மகன், லைசென்ஸ் இல்லாதவர். இப்படி நடந்தால், சம்பளத்துக்கு இருக்கும் டிரைவர் ஒருவர் ஸ்டேஷனில் போய் நின்று, நான்தான் ஓட்டினேன் என்பது வழக்கமாகிவிட்டது. அன்றும் ஒருவர் போய் நின்றார்.

பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நீ பாக்கலன்னு மட்டும் சொல்லுடா. அது போதும்."

"பாத்துட்டேனே அண்ணே. நாளைக்கு ஆண்டவர் முன்னாடி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கிறது?"

பெரியப்பா அப்பாவின் தோளைத் தட்டினார். "சரிடா, உள்ளதையே சொல்லு. நீ என் தம்பி" என்றார். அப்பா அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

கோர்ட்டில் அப்பா உள்ளதைச் சொன்னார். அடுத்து, கோவிலில் எங்களோடு ஒரே பெஞ்சில் அமரும் இருவர் கூண்டேறி, அப்பா அப்போது குடித்துவிட்டுக் கடைக்குள் கிடந்தார் என்றார்கள். வாழ்நாளில் கள்ளைக்கூடத் தொடாத மனிதர். அவர்களை அழைத்து வந்தவர் பெரியப்பா. கூட இருந்தே குழி பறித்துவிட்டார். அப்பாவின் சாட்சி எடுபடவில்லை.

அதன்பிறகு ஞாயிறு பூசையில், ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் சொல்லும் நேரத்தில், பெரியப்பா வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அப்பா அவர் முதுகைப் பார்த்துக் கைகூப்புவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒங்களுக்கு ரோஷமே இல்லியாப்பா?"

"வலிக்காம இருக்குமாம்மா? ஆனா அவரு எங்க அண்ணன்."

திருச்சி மருத்துவமனையில் கடைசி நாட்களில், "அண்ணன் வந்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெரியப்பா வரவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை. அவருக்குப் பயந்து கோவில்காரர்கள் பலரும் வரவில்லை.

அப்பாவுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அடக்கப் பூசை நிறைவேற்றிய பங்குத்தந்தைக்கும் எங்கள் நன்றி. இறந்துபோன அந்தப் பெண்மணியின் கணவர் தம் சொந்தக்காரர்களோடு வந்திருந்தார். சிலுவை போடத் தெரியாமல் பூசை முடியும்வரை கைகட்டி நின்று, பிறகு கல்லறைவரை பெட்டிக்குத் தோள் கொடுத்தார். அவருக்கு நாங்கள் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

"உறவினர் அனைவருக்கும் நன்றின்னு போட்டு முடிச்சிடும்மா, ஊர் என்ன சொல்லும்?" என்றார் அம்மா. எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். அப்பா மன்னித்துவிட்டார். நான் இன்னும் மன்னிக்கவில்லை. அப்பாவின் நினைவு மலரில் பொய் எழுத என்னால் முடியாது.

வந்தவர்களுக்கு நன்றி.

— மகள்