தட்டுச் சத்தத்துக்குக் காத்திருக்கும் பூனை

மார்கழியில் எங்கள் ஊரிலும் குளிரும் என்று சொன்னால் வடக்கே இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். விருத்தாசலத்தில் விடியற்காலையில் மஃப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு, பல்வலிக்காரனைப் போலத்தான் நான் பால் வாங்கப் போகிறேன். எங்கள் வீட்டுக் கறுப்புப் பூனைக்கு மஃப்ளர் கிடையாது. ஆகவே குளிர்காலத்தில் பூனையைப் பாதுகாப்பது எப்படி என்று கைபேசியில் தேடிப் படித்தேன். பனி உருகுவதற்காகச் சாலையில் தூவிய உப்பு பாதத்தில் ஒட்டியிருந்தால் துடைத்துவிடச் சொன்னது. எங்கள் தெருவில் உப்பை யாரும் தூவுவதில்லை, குழம்பில் போடுகிறோம். சூடு தேடிக் கார் இன்ஜினுக்குள் பூனை படுத்திருக்கும், கிளப்புமுன் மூடியைத் தட்டுங்கள் என்றது. என்னிடம் இருப்பது ஸ்கூட்டர். கடைசியில் ஓர் அட்டைப்பெட்டியில் என் பழைய ஸ்வெட்டரை விரித்தேன். பூனை மோந்து பார்த்தது. என்னைப் பற்றி ஏதோ ஒரு முடிவுக்கு வந்ததுபோல வெளியே போய்விட்டது.

போன இடம் பின்தெருவில் இருக்கும் பீங்கான் பொம்மைப் பட்டறை. சுட்ட பொம்மைகளை இறக்கிய பிறகும் சூளைக்குள் வெதுவெதுப்பு இருக்கும். தெருப் பூனைகளெல்லாம் குளிருக்கு அங்கேதான் அடைக்கலம். செலவில்லாமல் பிரச்சினை தீர்ந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஒருநாள் காலை என் மனைவி கேட்டாள்: "ஏங்க, பட்டறையில இன்னிக்கு சூள மூட்றாங்களாம். பூன எங்க?"

மஃப்ளரோடு ஓடினேன். இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளை அடுக்கிய இரும்பு வண்டியை உள்ளே தள்ளிவிட்டார்கள். கதவைச் சாத்துவதுதான் பாக்கி. சாத்துமுன் யாராவது ஒருவர் வாசலில் நின்று தகரத் தட்டை ஓங்கி அடிப்பது அங்கே வழக்கம். உள்ளே சுருண்டு கிடக்கும் பூனைகள் அரண்டு ஓடிவிடும்.

"தட்டியாச்சு சார்," என்றார் மேஸ்திரி. "ரெண்டு மூணு ஓடுச்சு. ஒங்க வூட்டுது கறுப்புதானே? கறுப்பா எதுவும் வரல."

"அப்போ உள்ள இல்லையா?"

"இல்லன்னுதான் நெனைக்கிறேன்."

அந்த 'நெனைக்கிறேன்' எனக்குப் போதவில்லை. டார்ச் வாங்கிக் குனிந்து அடித்தேன். வண்டிக்கு அடியில், கடைசி மூலையில், இரண்டு கண்கள். மேஸ்திரி மறுபடி தட்டினார். கண்கள் அசையவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினார். இன்னும் வசதியாக உட்கார்ந்துகொண்டதுபோலத் தெரிந்தது.

"செவிடா சார் இது?"

"சேச்சே, எங்க வீட்ல தட்டுனா எங்க இருந்தாலும்..."

பாதியில் நிறுத்திக்கொண்டேன். எங்கள் வீட்டில் தட்டைத் தட்டினால் சாப்பாடு. இவர் ஓடச் சொல்லித் தட்டுகிறார். அது பரிமாறுவார்கள் என்று காத்திருக்கிறது. தட்டத் தட்ட அதன் நம்பிக்கை வளரும். தட்டாவிட்டால் வெதுவெதுப்பில் தூங்கிவிடும். தட்டச் சொல்வதா, நிறுத்தச் சொல்வதா என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னேன்.

"வண்டிய வெளிய இழுக்கலாமா?"

"இழுக்கலாம் சார். பாதிப் புள்ளையாருக்குத் தல இருக்காது, பரவால்லயா?"

என் மனைவி தட்டும் கருவாடுமாக வந்து சேர்ந்தாள். வாசலில் நின்ற மேஸ்திரியையும், தவித்துக்கொண்டிருந்த என்னையும் ஒதுங்கச் சொன்னாள். முற்றத்தில் கருவாட்டை வைத்துவிட்டு, தள்ளி நின்று தட்டினாள். சூளைக்குள்ளிருந்து ஒரு பூனை சாவகாசமாக வந்தது. வெள்ளைப் பூனை.

"ஐயோ, இது இல்ல! நம்மளுது இன்னும் உள்ள இருக்குது, கதவ மூடாதீங்க!" என்று கத்தினேன்.

"வண்டிக்கடியில கெடக்கிற வெள்ளத் தூள்ல பொரண்டிருக்குதுங்க. மூஞ்சி தெரியலியா ஒங்களுக்கு?" என்றாள் என் மனைவி.

"மூஞ்சியும் வெள்ளையா இருக்குதே!"

பொம்மைக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்த பெண்கள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நான் விடவில்லை. டார்ச்சோடு மறுபடி குனிந்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன். கண்கள் எதுவும் இல்லை. திரும்பினால், அந்த வெள்ளைப் பூனை கருவாட்டை முடித்துவிட்டு, என் மனைவியின் ஈரத் துணியில் தலையிலிருந்து கழுத்துவரை கறுப்பாகியிருந்தது. அப்புறம்தான் கதவைச் சாத்த விட்டேன்.

"வூட்ல தட்டறத நிறுத்துங்கம்மா," என்றார் மேஸ்திரி.

"நீங்க நிறுத்துங்களேன்."

"நாங்க நிறுத்துனா மத்த பூனைங்க கதி?"

இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகவே பட்டது. ஆகவே, சூளை மூடும் நாளில் பூனையை விடியலிலேயே எங்கள் குளியலறையில் அடைத்துவிடுவது என்று முடிவாயிற்று. கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக் காவல் இருப்பது என் வேலை. இன்று அது கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் சுவர்மேல் எட்டிப் பார்த்தார்.

"இந்தக் குளுருல எதுக்கு சார் அத ஈரத்துல அடைச்சி வெச்சிருக்கீங்க?"

"சூடு பட்டுடக் கூடாதுன்னுதாங்க," என்றேன்.

அவர் என் மஃப்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டார். கதவைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது. திறப்பதா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.