பூவாத்தாள் பிடித்த ஏர்

சேவூர்ப் பக்கம் வந்து பூவாத்தாளைப் பற்றி விசாரித்தால், "மகுடேஸ்வரன் சம்சாரமுங்களா?" என்றுதான் எங்கள் ஆட்கள் திருப்பிக் கேட்பார்கள். காட்டையும் மகுடேஸ்வரன் காடு என்பார்கள். அந்த மகுடேஸ்வரன் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், தங்குவதும் அங்கேதான். காட்டில் அவர் கால் படுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் வரப்போடு சரி. எரு அடிப்பது, களை எடுப்பது, எருதுகளுக்குத் தீனி பார்ப்பது எல்லாம் இவள். ஆனால் எதை எப்போது விதைப்பது என்று சொல்வது அவர். இந்த நியாயத்தை நினைத்தால் பக்கத்துக் காட்டுக்காரியான எனக்கே இன்றைக்கும் வயிறு எரிகிறது.

2003ஆம் வருஷம். அதற்கு முந்தின வருஷமும் மழை பொய்த்திருந்தது. ஆடி பிறந்ததும், மழைக்குக் காத்திராமல் புழுதியிலேயே சோளத்தை விதைக்கச் சொன்னார் மகுடேஸ்வரன். "சித்தப் பொறுங்க" என்று பூவாத்தாள் சொன்னது எடுபடவில்லை. மழை வரவில்லை. விதையை எறும்பு இழுத்துக்கொண்டு போனது. அவருக்குத் தெரியாமல் அவள் ஒதுக்கி வைத்திருந்த ஒரு பானைச் சோளம்தான் மிச்சம். அது முளைத்தால் வீட்டுக்குச் சோறு, எருதுகளுக்குத் தின்னச் சோளத்தட்டு. முளைக்காவிட்டால் எருதுகள் சந்தைக்குப் போகும், அடுத்த வருஷத்துக்கு விதையும் இருக்காது.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை நல்ல உழவு மழை பெய்தது. எங்கள் செம்மண்ணில் அந்த ஈரம் இரண்டு மூன்று நாள் தாங்கினால் பெரிது. பூவாத்தாள் மறுநாள் காலையிலேயே டெலிபோன் பூத்துக்கு ஓடிக் கம்பெனிக்குப் பேசினாள்.

"ஏனுங்க, மழ பேஞ்சிருக்குது. ஒரு நா லீவு போட்டுட்டு வந்துருங்க."

"ஷிப்மென்ட் போற நேரத்துல லீவா? ஞாயித்துக்கெழம வாறேன். அதுவரைக்கும் ஒண்ணும் பண்ணாத."

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்பார்கள். இவளோ புருஷனை நம்பி ஈரத்தைக் கைவிட வேண்டியதாகிவிடும் போலிருந்தது. டிராக்டர் வைத்திருக்கும் மாரப்பனிடம் போனாள்.

"மகுடேஸ்வரன் மாப்ள ஒரு வார்த்த சொல்லட்டுமுங்க அக்கா. பொறகு ஆரக் கேட்டு உழுதேன்னு எங்கிட்டச் சண்டைக்கு வந்தா நான் என்னங்க பண்றது?" என்று நழுவிவிட்டான் மாரப்பன்.

வியாழக்கிழமை அவள் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். மேல் மண் காய ஆரம்பித்திருந்தது. வீட்டில் மரக்கலப்பையும் வயதான எருது ஜோடியும் இருந்தன. ஆனால் எங்கள் ஊரில் பெண் ஏர் பிடிக்கக் கூடாது. பிடித்தால் மழை நின்றுவிடும் என்பார்கள். அவள் சோளத்தை வீசி விதைத்துவிட்டு எருதுகளைப் பூட்டினாள்.

மாமனார் பழனிமுத்து பதறிப்போய் வந்தார். "வேண்டாம் அம்மிணி. இனி மழ வராமப் போனா ஊரே நம்ம ஊட்டத் தூத்தும்."

"தூத்தட்டுமுங்க மாமா. ஈரம் காஞ்சு போனா ஊருங்களா வந்து சோறு போடும்?"

எருதுகளோ இவள் குரலுக்கு மசியவில்லை. உழவுச் சால் கோணிக்கொண்டு போனது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வரப்பில் நின்றபடியே கிழவர் எருதுகளை அதட்டினார். கலப்பையை மட்டும் அவள்தான் பிடித்திருந்தாள். பக்கத்துக் காட்டிலிருந்த என்னைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஊர்ப் பேச்சு பொய் என்று வாய் சொன்னாலும், உள்ளூர அவளுக்கே அதில் பாதி நம்பிக்கை இருந்தது. மாரியம்மன் கோயில் பக்கம் போகவே பயந்தாள். பயிர் முளைத்தது. ஆனால் இன்னொரு மழை வரவில்லை. வெயில் ஏறினால் இலை சுருண்டது, பொழுது சாய்ந்தால் விரிந்தது. அவள் வானத்தைப் பார்ப்பாள், பயிரைப் பார்ப்பாள், என்னிடம் வந்து, "நாந்தான் கெடுத்துட்டனா?" என்று கேட்பாள்.

விதையை எடுத்து வைத்ததும் உழுததும் தன் அப்பாதான் என்று மகுடேஸ்வரன் நினைத்துக்கொண்டார். கிழவரும் மறுக்கவில்லை, மருமகளைக் காப்பாற்றுவதாக எண்ணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகுடேஸ்வரனும் கிழவரும் பூவாத்தாளும் நானும் காட்டோரம் நின்றிருந்தோம்; எங்கள் வரப்பு வழியாக வந்த மாரப்பனும் நின்றான். "மாப்ள, நாங்கல்லாம் ஆடிலயே வெதச்சு வெதையத் தொலச்சுட்டோம், சுத்துப்பட்டுல உங்க காடு மட்டுந்தான் பச்சையா நிக்குது."

"எங்கப்பா சரியாப் பதம் பாத்து உழுதிருக்காருங்க" என்றார் மகுடேஸ்வரன், தானே உழுத மாதிரிப் பெருமையாக. பழனிமுத்து குனிந்து தரையைப் பார்த்தார்.

நான் பூவாத்தாளின் கையை அழுத்தினேன். பேசாமல் இருந்தால் போதும். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மழை வராமல் போனாலும் பழி கிழவர் மேல்கூட வராது, வானத்தோடு போய்விடும். அவள் என் கையை உதறினாள்.

"ஏர் புடிச்சது நானுங்க."

மூன்று ஆண்களும் முதலில் வானத்தைத்தான் பார்த்தார்கள். அவள் புருஷன் எதிரே போய் நின்றாள்.

"இனி மழ வராட்டி என்னையக் கேளுங்க. வெளைஞ்சா, அறுக்கறதுக்கும் என்னையத்தான் கேக்கோணும்."