பொன்னிப் பசை

தஞ்சாவூர்க் கண்காட்சியில் தபால்தலை வியாபாரி என் பழைய ஆல்பத்தைப் புரட்டினார். "எல்லாம் புது ஸ்டாம்புதான். ஆனா பின்னாடி பசை அப்படியே இருந்தாத்தாங்க மதிப்பு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நன்னிலத்து வீட்டில், அடைமழை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இந்தத் தபால்தலைகளை அப்பா வெந்நீரில் ஊறப்போட்டு, பசையைச் சுத்தமாகக் கழுவிவிட்டார். பிறகு ஆவி மணக்கும் சோற்றுப் பருக்கைகளை நசுக்கி, ஆல்பத்தில் வரிசையாக ஒட்டினார்.

"தபாலாபீஸ் பசையெல்லாம் ஒரு பசையாம்மா? இது நம்ம வயல் பொன்னி. உன் பேரன் வந்து இழுத்தாலும் வராது!" என்று அப்பா அன்று என்னிடம் சொன்னார்.

வியாபாரி இடுக்கியால் ஒரு தபால்தலையின் ஓரத்தை நெம்பினார். வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி நெம்பினார்.

"எந்தக் கம்பெனி பசைங்க இது?" என்றார்.

"எங்க வயலுதுங்க" என்றேன்.